சிங்கராஜாவுக்குப் புறப்படும் தங்கச்சிக்கு

அன்பின் தங்கச்சி,

கலியாணம் முடிந்த கையோடு நீயும் உன் அவரும் தோளில் பையைப் போட்டுக்கொண்டு இலங்கையின் தென்மேற்கில் இருக்கிற சிங்கராஜா மழைக்காட்டுக்குப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டதும் எனக்குச் சரியான சந்தோஷம். நுவரெலியா இருக்க ஏன் அட்டை கடிக்கிற காட்டுக்குப் போக வேணும் என்று பெரியம்மா கேட்பது எனக்கும் தெரியும். நான் உன் பக்கம்தான். இந்தக் கடிதத்தை எல்லோரும் வாசிக்கிற இடத்தில் எழுதுவதற்குக் காரணம், திருகோணமலையிலிருந்து இப்படிப் புறப்பட நினைக்கிற வேறு சோடிகளுக்கும் இது உதவட்டும் என்பதுதான்.

நீ அனுப்பிய திட்டத்தைப் பார்த்தேன். காலையில் குடாவ வாசலால் உள்ளே போய், மத்தியானம் வெளியே வந்து, பின்னேரம் எல்ல என்கிற மலையூருக்கு பஸ். தயவுசெய்து இதை மாற்று. எல்லவை வெட்டிவிட்டு காட்டுக்குப் பக்கத்துக் கிராமத்திலேயே இரண்டு இரவு தங்குங்கள்.

ஏன் சொல்கிறேன் என்றால், காடு என்றதும் நமக்கு மனதில் வருவது கந்தளாய், ஹபரணைப் பக்கத்துக் காடு. பாலை, வீரை, முதிரை, நடுவில் ஒரு குளம், தூரத்தில் யானை. வாகனத்தில் போனாலும் ஏதாவது கண்ணில் படும். சிங்கராஜா அப்படி இல்லை. முகத்துக்கு முன்னால் இலை, தலைக்கு மேல் இலை, அங்கே வாழ்கிறவற்றில் பெரும்பாலானவை ஒன்றில் மிகச் சின்னவை, இல்லாவிட்டால் மர உச்சியில் இருப்பவை. மரங்களில் பாதிக்கு மேல் இலங்கையைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வளராதவை, ஆனால் வேகமாக நடக்கிறவருக்கு எல்லாம் ஒரே பச்சைதான். நான்கு மணித்தியாலம் நடந்துவிட்டு அங்கே ஒன்றும் இல்லை என்று சொல்லித் திரும்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், எனக்குக் கவலையாக இருக்கும்.

நில்லுங்கள். அதுதான் நான் சொல்ல வந்தது. நல்ல இடமாகப் பார்த்து அரை மணித்தியாலம் பேசாமல் நின்றால் ஒருவேளை ஒரு பறவைக் கூட்டம் உங்கள் பக்கம் வரும். சிங்கராஜாவில் பல இனப் பறவைகள் ஒன்றாகச் சேர்ந்து இரை தேடும், ஒரு கூட்டத்தில் சராசரியாகப் பத்துக்கு மேற்பட்ட இனங்களும் நாற்பது பறவைகளும் இருக்கும் என்று ஆய்வாளர்கள் எண்ணிச் சொல்லியிருக்கிறார்கள். செம்மஞ்சள் அலகுள்ள சிலம்பன்கள் கலகலவென்று சத்தம் போட்டுக்கொண்டு வரும், கொண்டைக் கரிச்சான் கூடவே வந்து ஆபத்து என்றால் கத்தும், பின்னால் மற்றவை. அதில் நீல மேக்பை என்கிற பறவையைப் பார்த்தாயானால், நீல உடம்பும் மண்ணிறத் தலையும் சிவந்த அலகுமாக, நீ கமராவைத் தூக்கவே மறந்துவிடுவாய். கூட்டம் வரும் முன்னே காட்டில் எல்லாம் அமைதியாக இருக்கும், வந்த பிறகு எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாது, அப்புறம் ஐந்தாறு நிமிடத்தில் எல்லாம் போய்விடும். நேர அட்டவணையோடு போகிறவருக்கு இது கிடைக்காது.

குடாவப் பக்கம் நீங்கள் நடக்கப்போகிற அகலமான பாதை, 1970களில் பிளைவுட்டுக்காக மரம் வெட்டி ஏற்றிய லொறிப் பாதை. மக்கள் எதிர்த்ததால் அந்த வெட்டு நின்றது, 1988இல் யுனெஸ்கோ உலக மரபுரிமை இடமாக அறிவித்தது. பாதையின் இரு பக்கமும் மரங்கள் ஏன் மெல்லியதாக இருக்கின்றன என்று வழிகாட்டியிடம் கேளுங்கள். வழிகாட்டி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள், அந்தக் கிராமத்து ஆட்கள்தான் வருவார்கள், அவர்களுடைய கண் நம்முடைய கண் இல்லை.

இனி உங்கள் இருவர் கதை. உன் அவர் கிரிக்கெட் விளையாடுகிறவர், நீ படி ஏறவே மூச்சு வாங்குகிறவள். முன்னுக்கு நீ நட. மெதுவாக நடக்கிறவர் முன்னால் போனால் இருவரும் ஒன்றாகப் போகலாம், மற்றவர் முன்னால் போனால் அரை மணியில் ஆளுக்கொரு பக்கம் கோபத்தோடு நிற்பீர்கள். அவரவர் பையை அவரவரே தூக்குங்கள், உன் பையையும் சேர்த்துத் தூக்குவது அன்பு என்று அவர் நினைப்பார், இரண்டாம் நாள் தோள் வலியில் அது மறந்துபோகும். முக்கியமாக, யாராவது ஒருவர் திரும்புவோம் என்றால் காரணம் கேட்காமல் திரும்புங்கள்.

மாசியில் போவது நல்லது. ஆடியில் நமக்கு இங்கே கச்சான் காற்று சுட்டெரிக்கும்போது, அதே தென்மேற்குக் காற்று அந்தப் பக்க மலைகளில் தண்ணீரையெல்லாம் கொட்டிவிட்டுத்தான் காய்ந்துபோய் நம்மிடம் வருகிறது. வருடத்துக்கு 3,600 மில்லிமீற்றருக்கு மேல் மழை விழுகிற இடம் அது. மாசியிலும் பின்னேர மழை வரலாம், ஆகவே விடியவே உள்ளே போங்கள். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காயாது. உடுப்பு, பவர் பேங்க், பாஸ்போட் கொப்பி எல்லாம் தனித்தனிப் பொலித்தீன் பையில்.

அட்டை கடிக்கும், கடிக்கும்போது வலிக்காது. இரத்தம் உறையாமல் இருக்க ஒரு பதார்த்தத்தை அது உள்ளே விடுவதால் கொஞ்ச நேரம் வடியும், பயப்படாதே. நகத்தால் வாய்ப் பக்கத்தைத் தள்ளி எடுத்து, சவர்க்காரம் போட்டுக் கழுவினால் போதும், சொறியாதே. உண்மையாகக் கவனிக்க வேண்டியது காய்ந்த இலை நிறத்தில் சுருண்டு கிடக்கிற சின்னக் குழிவிரியனைத்தான். இலங்கையில் நிறையப் பேரைக் கடிக்கிற நச்சுப்பாம்பு அது. சப்பாத்தோடு நட, பாதையை விட்டு இறங்காதே, விழுந்த மரத்தில் பார்க்காமல் உட்காராதே.

தெனியாயப் பக்கத்தாலும் ஒரு வாசல் இருக்கிறது. அந்த வழியிலும் இறக்குவானைப் பக்கத்திலும் தேயிலைத் தோட்டங்களில் நம் தமிழ்ச் சனம் இருக்கிறார்கள். தேத்தண்ணிக் கடையில் தமிழில் பேசிப் பார், எங்கேயிருந்து வருகிறீர்கள் என்று ஆசையாகக் கேட்பார்கள். அவசரப்பட்டு எழும்பிவிடாதே.

போவதற்கு கண்டி, அங்கிருந்து இரத்தினபுரி, பிறகு கலவான பஸ், கடைசித் துண்டுக்கு ஓட்டோ. உள்ளே சிக்னல் கிடைப்பது கஷ்டம், இதை அம்மாவிடம் இப்போதே சொல்லி வை. அட்டை ஏறாத மேசு என்னிடம் இரண்டு சோடி இருக்கிறது, புறப்படும் முதல் உப்புவெளிக்கு வந்து எடுத்துக்கொண்டு போ.

அக்கா