செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நம் உறுப்பினர் ஒருவர் தம் வீட்டு இருட்டறையில் நிறுவிய 4×5 அங்குல நெகட்டிவைக் காகிதத்தில் பெரிதாக்கிப் படம் போடும் கருவியான என்லார்ஜரைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும். எங்களில் சிலருக்கு இந்த ஆண்டின் பாதி ஞாயிற்றுக்கிழமைகள் அங்கேதான் கழிந்தன.

முதலில் உயரம் இடித்தது. 35 மி.மீ. நெகட்டிவுக்கு 50 மி.மீ. குவியத்தூர லென்ஸ் போதும், 4×5-க்கு 150 மி.மீ. வழக்கம்; குவியத்தூரம் கூடினால் உயரமும் கூடும். 16×20 அங்குலப் படம் போட நான்கு மடங்கு பெரிதாக்கினால், நெகட்டிவிலிருந்து காகிதம் வரை மட்டும் ஏறக்குறைய 94 செ.மீ. ஆகிறது. அதற்கு மேல் விளக்குக் கூண்டு வேறு. மேசையின் கால்களை அறுத்துத் தாழ்த்தி, என்லார்ஜர் தூணின் தலையை இரும்புப் பட்டையால் சுவரோடு பிணைத்தோம். அப்புறம்தான் ஆட்டம் நின்றது.

முதல் பிரிண்டில் நடுவே இருந்த மரக்கதவின் ஆணிகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. வலது மூலையில் இருந்த புல்லோ பஞ்சுபோல் கலங்கிக் கிடந்தது. நெகட்டிவைத் திருப்பிப் போட்டோம். கலங்கல் அதே வலது மூலையிலேயே நின்றது. ஆக, கோளாறு நெகட்டிவில் இல்லை. அடிப்பலகை, நெகட்டிவ் தட்டு, லென்ஸ் பலகை மூன்றிலும் ரசமட்டத்தை வைத்துப் பார்த்ததில் லென்ஸ் பலகை சாய்ந்திருந்தது. அதன் ஒரு பக்கத்தில் மெல்லிய அட்டைத் துண்டைச் செருகினோம். கறுத்த ஃபிலிம் ஒன்றில் நான்கு மூலையிலும் ஊசியால் கீறி, அந்தக் கோடுகளை உருப்பெருக்கியில் பார்த்தோம். நான்கும் ஒருசேரக் கூர்மையாகத் தெரிந்த அந்த நிமிடத்தை நான் மறக்க மாட்டேன்.

இன்னொரு தொல்லை சூடு. விளக்கு எரிய எரிய நெகட்டிவ் நடுவில் உப்பி, நாம் பிடித்த ஃபோகஸை விட்டு நகர்ந்துவிடும். இவ்வளவு பெரிய ஃபிலிமை இரண்டு கண்ணாடிக்கு நடுவே அழுத்திப் பிடிப்பதே சரி. ஆனால் ஃபிலிமின் பளபளப்பான முதுகு வழவழப்பான கண்ணாடியைத் தொட்டால் நியூட்டன் வளையங்கள் எனப்படும் வளையத் தடங்கள் பிரிண்டில் விழும். அதனால் மேல் கண்ணாடி மட்டும் நுண்ணிய சொரசொரப்பு உள்ளதாக இருக்க வேண்டும். கண்ணாடி இரண்டானால் தூசி உட்கார நான்கு பரப்புகள். ஒவ்வொரு முறையும் தூரிகையால் துடைத்தே தீர வேண்டும்.

காகிதத்தைக் கெடுக்காமல் வேலை செய்ய இருட்டறையில் எரியும் சிவப்பு விளக்கையும் சோதித்தோம். லேசாக ஒளி காட்டிய காகிதத்தின் மேல் நாணயத்தை வைத்து, அந்த விளக்கின் கீழ் சில நிமிடம் விட்டு, படத்தை வெளிக்கொணரும் கரைசலான டெவலப்பரில் போட்டால், நாணயத்தின் தடம் தெரியக் கூடாது. தெரியவில்லை.

ஒரு வேண்டுகோள். என்லார்ஜரை இடம் மாற்றியவர்கள், அடுத்த பிரிண்டுக்கு முன் மூன்று தளங்களையும் மறுபடி சரிபாருங்கள். கீறிய ஃபிலிம் என்னிடம் இருக்கிறது, வாங்கிக்கொள்ளலாம்.

இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்