ஏவுதளத்தின் அளவுகளைக் கொடுங்கள்: இஸ்ரோவுக்கு மண்டபத்திலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய இஸ்ரோ பொறியாளர்களுக்கு, குறிப்பாக ஏவுதளங்களைக் கட்டிப் பராமரிப்பவர்களுக்கு,

வணக்கம். நான் மண்டபத்தில் ஃபைபர் படகுப் பட்டறை வைத்திருக்கிறேன். வள்ளத்தில் விரிசல் விட்டால் மேட் போட்டு, ரெசின் பூசிச் சரிசெய்து கொடுப்பது தொழில். மூன்று வருடமாகப் பட்டறையின் பின்பக்கத்தில், எட்டுக்கு நான்கு அடி மரைன் பிளைவுட் ஒன்றின் மேல், ஸ்ரீஹரிகோட்டாவின் இரண்டாவது ஏவுதளத்தை நூறில் ஒரு பங்கு அளவில் கட்டிக்கொண்டிருக்கிறேன். எட்டாம் வகுப்புப் படிக்கும் என் அக்கா மகளும் அவளுடைய தோழர்கள் நான்கு பேரும் சனி ஞாயிறுகளில் வந்து கை கொடுக்கிறார்கள்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். ஏவுதளங்களின் வெளிப்புற அளவுகளை, யாரும் எடுத்துப் பார்க்கும்படி வரைபடமாக வெளியிடுங்கள். நம் நாட்டின் முதல் செயற்கைக்கோள் ராக்கெட்டான எஸ்.எல்.வி-3 ஏறிப்போன அந்தப் பழைய ஏவுதளத்திலிருந்து தொடங்குங்கள்.

ஏன் கேட்கிறேன் என்று சொல்கிறேன். இரண்டாவது ஏவுதளத்திலிருந்து கிளம்பும் எல்.வி.எம்.3 ராக்கெட்டை நாங்கள் ஒரே நாளில் முடித்துவிட்டோம். அதன் அளவுகளை நீங்களே வெளியிட்டிருக்கிறீர்கள். உயரம் 43.5 மீட்டர், பக்கத்து எஸ்200 பூஸ்டர்கள் 3.2 மீட்டர் விட்டம், நடுவில் நிற்கும் எல்110 பகுதி நான்கு மீட்டர், உச்சியில் செயற்கைக்கோளை மூடியிருக்கும் தலைக்கவசம் ஐந்து மீட்டர். நூறில் ஒரு பங்காகக் குறைத்தால் 32 மில்லிமீட்டர், 40, 50 என்று வருகிறது. குழாய்க் கடையில் பி.வி.சி. பைப் விற்கிற அளவுகள் இவையேதான். ராமநாதபுரம் போய் மூன்று துண்டு பைப் வாங்கி வந்தோம், அறுத்தோம், நுனிக்குக் கூம்பு வைத்துப் பட்டி பூசி உப்புத்தாள் போட்டோம். சாயங்காலம் ராக்கெட் நின்றது.

அது நிற்க வேண்டிய இடத்தைக் கட்டத்தான் மூன்று வருடம். அதற்கு அளவு இல்லை. நான் தேடிய வரை கையில் கிடைத்தவை சில உயரங்கள், சில எடைகள், நிறைய படங்கள். சரி, படத்திலிருந்தே அளவெடுப்போம் என்று ஆரம்பித்தோம். ராக்கெட்தான் எங்களுக்கு அடிக்கோல். படத்தில் ஐந்து மீட்டர்த் தலைக்கவசம் எத்தனை மில்லிமீட்டர் வருகிறது என்று பார்ப்பது, அதே கணக்கில் பக்கத்துக் கோபுரத்தின் ஒவ்வொரு தளத்தையும் அளப்பது. பிள்ளைகள் நோட்டு நோட்டாக எழுதினார்கள். விகிதக் கணக்கு அவர்களுக்கு அதில்தான் படிந்தது.

ஆனால் கோபுரம் ராக்கெட்டோடு ஒரே கோட்டில் நிற்பதில்லையே! கேமராவுக்குத் தள்ளி நிற்பது சிறியதாகத் தெரியும். எரிபொருள் குழாய்களையும் மின்கம்பிகளையும் ராக்கெட்டுக்குக் கொண்டுவரும் அந்தத் தொப்புள்கொடிக் கோபுரத்தை ஒரு படத்தை நம்பி முழுசாகக் கட்டி முடித்தோம். பிறகு பக்கவாட்டில் எடுத்த இன்னொரு படம் கிடைத்தது. அதில் கணக்குப் போட்டால் ஆறு சென்டிமீட்டர் வித்தியாசம். நிஜத்தில் ஆறு மீட்டர், அதாவது இரண்டு மாடி. நான்கு மாத வேலையைப் பிரித்துப் போட்டோம். அக்கா மகள் அன்றைக்கு ஒன்றும் பேசாமல் கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி டப்பாவில் அடுக்கினாள். அவளுக்குத் தேவைப்பட்டது ஒரே ஓர் எண். அது உங்கள் அலுவலகத்தில் ஏதோ ஒரு தாளில் இருக்கிறது.

அந்தக் கம்பிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். தளத்தைச் சுற்றி வரும் கைப்பிடிக் குழாய் ஐந்து சென்டிமீட்டர் பருமன் என்று வைத்தால், எங்கள் அளவில் அரை மில்லிமீட்டர். எரிந்துபோன மோட்டார் காயிலிலிருந்து தாமிரக் கம்பியை உருவி, மேல்பூச்சைப் பிளேடால் சுரண்டி, இரண்டு ஆணிகளுக்கு நடுவே இழுத்துக் கட்டி நிமிர்த்துவோம். பிறகு ஒரு மரக்கட்டையில் கோடு கீறி, கோட்டுக்குள் கம்பியைப் படுக்கவைத்து, குத்துக்கால்களை ஒவ்வொன்றாக ஈயம் வைத்துப் பற்றவைக்க வேண்டும். சால்டரிங் முனை ஒரு நொடி கூடுதலாக நின்றால் பக்கத்து இணைப்பு இளகிவிடும். அதற்காக ஈரத் துணித் துண்டைப் பக்கத்து இணைப்பின் மேல் போட்டுக்கொண்டு பற்றவைக்கப் பழகினோம். மின்னல் தடுப்புக் கோபுரங்களுக்கு நடுவே ஓடும் கம்பிக்கு மீன்பிடிக்கும் தங்கூசி நரம்பு. அது எங்கள் ஊரில் எந்த வீட்டிலும் கிடைக்கும். கோபுரத்துக்கு அருகில் 17 மில்லிமீட்டர் உயரத்தில் ஒரு பொம்மை மனிதனை நிறுத்தியிருக்கிறோம். அவனைப் பார்த்த பிறகுதான் பார்க்க வருகிறவர்கள் மூச்சை இழுக்கிறார்கள். எங்கள் தாமிரக் கைப்பிடி அவன் இடுப்பளவுக்கு வருகிறது.

ராக்கெட்டை நிமிர்த்தியபடியே கட்டி, நின்ற நிலையிலேயே தண்டவாளத்தில் ஏவுதளத்துக்கு நகர்த்திவருகிறீர்கள் என்பது பிள்ளைகளுக்கு இன்னும் நம்ப முடியாத விஷயம். கிளம்பும்போது 640 டன் எடை வரும் ராக்கெட், 43 மீட்டர் உயரம், ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தூரம். எங்கள் அளவில் அந்த ஒரு கிலோமீட்டரே பத்து மீட்டர், பட்டறையைவிட நீளம். கடைசி இரண்டு மீட்டரை மட்டும் போட்டிருக்கிறோம். தண்டவாளங்களுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்பது இன்றுவரை எங்கள் ஊகம்தான்.

அப்புறம் அந்தப் பள்ளம். ராக்கெட்டுக்குக் கீழே ஏன் பள்ளம் இருக்கிறது என்று ஒரு பையன் கேட்டான். வாயால் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. படகு கழுவுகிற ஹோஸை எடுத்து, தட்டையான பலகை மேல் நேராக அடிக்கச் சொன்னேன். தண்ணீர் அவன் முகத்திலேயே திரும்ப அடித்தது. அடுத்து, படகின் முன்பக்க அணியப் பகுதிக்காக வார்த்து வைத்திருந்த வளைந்த ஃபைபர் துண்டின் மேல் அடிக்கச் சொன்னேன். தண்ணீர் சரிந்து வழுக்கி ஓர் ஓரமாகப் போய் விழுந்தது. தீயைத் திருப்பிவிடும் சரிவு என்றால் என்னவென்று அன்றைக்குப் புரிந்துவிட்டது. தீ மட்டும் கிடையாது, சத்தமும் திரும்பி வந்து ராக்கெட்டை உலுக்கும், தலைக்கவசத்துக்குள் இருக்கும் செயற்கைக்கோளையே அந்த அதிர்வு கெடுத்துவிடலாம், அதனால்தான் உலகத்தின் பல ஏவுதளங்களில் ஏவும் நேரத்தில் வெள்ளமாகத் தண்ணீர் பாய்ச்சுகிறார்கள் என்றும் சொன்னேன். அவன் உடனே கேட்டான், "சரிவு எத்தனை டிகிரி மாமா?" படத்தில் தெரிந்ததை வைத்து ஒரு கோணத்தில் வார்த்திருக்கிறோம். சரியா தவறா என்று அவனுக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

போன வருடம் ஓர் அறிவியல் கண்காட்சிக்கு இதைக் கொண்டுபோனோம். எங்கே, யார் நடத்தியது என்பது வேண்டாம். ராக்கெட்டை வேண்டுமென்றே வீட்டில் வைத்துவிட்டு, ஏவுதளத்தை மட்டும் மினி லாரியில் ஏற்றிப் போனோம். மதிப்பெண் போட வந்தவர்கள் இரண்டு பேரும் முதலில் கேட்டது, "ராக்கெட் எங்கே?" என்றுதான். பிள்ளைகள் ஒவ்வொரு தளமாகக் காட்டி விளக்க முயன்றார்கள். வந்தவர்கள் அடுத்த மேசைக்குப் போய்விட்டார்கள். அங்கே ஜிகினாத் தாள் ஒட்டிய ராக்கெட் ஒன்று நின்றது. பரிசு கிடைக்காததில் எனக்கு வருத்தமில்லை. ராக்கெட்டைத் தாங்குகிற, ஊட்டுகிற, கடைசி நொடியில் கையை விலக்கிக்கொள்கிற அந்தத் தரையைப் பார்க்கப் பழக்காமல் விட்டிருக்கிறோமே என்பதுதான் வருத்தம். உங்கள் நேரலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது ராக்கெட் கிளம்பியதும் கேமரா மேலே போய்விடுகிறது. எங்கள் பிள்ளைகள், "கீழே காட்டுங்க, கீழே காட்டுங்க" என்று கத்துவார்கள்.

இந்தக் கரையில் இரும்பைப் பற்றித் தெரியாத பிள்ளை கிடையாது. 1914இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தைப் பார்த்தே வளர்ந்தவர்கள். எந்தப் பக்கத்து உப்புக்காற்றில் துரு முதலில் பிடிக்கும், ரிவெட் தலைக்கு அடியிலிருந்து அது எப்படிக் கோடாக வடியும் என்பதெல்லாம் கண்ணால் கண்டவர்கள். ஸ்ரீஹரிகோட்டாவும் ஒருபக்கம் வங்கக் கடல், ஒருபக்கம் பழவேற்காடு ஏரி என்று உப்புக்கு நடுவே இருக்கும் தீவுதான். அதனால் எங்கள் கோபுரத்தில் கடல் பார்த்த பக்கத்துக்கு மட்டும் மெல்லிசாகத் துரு நிறம் தீட்டியிருக்கிறோம். அப்படித் தீட்ட வேண்டும் என்று சொன்னது நானில்லை, அந்தப் பிள்ளைகள்.

எஸ்.எல்.வி-3க்கு வருகிறேன். அதன் திட்ட இயக்குநர் அப்துல் கலாம் எங்கள் ராமேஸ்வரத்துக்காரர். 22 மீட்டர் உயரம், 17 டன் எடை, நான்கு நிலையும் திட எரிபொருள். 1979 ஆகஸ்ட் 10 அன்று வால்வு கோளாறால் கடலில் விழுந்தது. 1980 ஜூலை 18 அன்று 35 கிலோ எடையுள்ள ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் வைத்தது. இது எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு மனப்பாடம். பேய்க்கரும்பில் இருக்கும் கலாம் நினைவிடத்தில் ராக்கெட், ஏவுகணை மாதிரிகளைப் பார்த்து வளர்கிறவர்கள். ஆனால் அந்த ராக்கெட் எதன் மேல் நின்றது, பக்கத்தில் என்ன கோபுரம் இருந்தது, கலாமும் அவருடன் இருந்தவர்களும் எந்தப் படிகளில் ஏறி இறங்கினார்கள் என்று கேட்டால் எங்களிடம் காட்ட ஒன்றுமில்லை. எஸ்.எல்.வி.க்குப் பின் அதே இடத்திலிருந்து ஏ.எஸ்.எல்.வி. ஏறியது. 1994க்குப் பிறகு அந்த ராக்கெட்டும் இல்லை. முப்பது வருடத்துக்கு முன் வேலை முடிந்த ஓர் ஏவுதளத்தின் நீள அகலத்தைத் தருவதில் யாருக்கும் சிரமம் இருக்காது என்று நம்புகிறேன்.

பாதுகாப்பு என்று நீங்கள் சொல்வீர்கள். அந்தக் கவலை நியாயமானது, அதை மதிக்கிறேன். கட்டுப்பாட்டு அறையின் உள்ளமைப்பையோ, தொட்டிகளின் இணைப்பையோ, வால்வு விவரத்தையோ நான் கேட்கவில்லை. கேட்பவை இவ்வளவுதான்: கோபுரத்தின் உயரம், தளங்களுக்கு இடையே உள்ள உயரம், ராக்கெட்டிலிருந்து கோபுரத்துக்கு உள்ள தூரம், தண்டவாள இடைவெளி, தீச்சரிவின் கோணம், பூசிய பெயின்ட்டின் நிறம். உருவம் எல்லாம் உங்கள் நேரலையிலும் செயற்கைக்கோள் வரைபடங்களிலும் ஏற்கெனவே தெரிகிறது. எண் மட்டும்தான் இல்லை. அமெரிக்காவில் சந்திரனுக்கு ஆள் போன 39ஆம் ஏவு வளாகத்தைப் பொறியியல் மரபுச் சின்னமாக ஆவணப்படுத்தி, அளவுகளோடு கூடிய வரைபடங்களை அந்நாட்டு நாடாளுமன்ற நூலகத்தில் வைத்திருக்கிறார்கள். மண்டபத்தில் உட்கார்ந்துகொண்டு அதை என் போனில் திறந்து பார்க்கிறேன். என் அக்கா மகள் கேட்கிறாள், அந்த ஊர் ஏவுதளத்தைக் கட்டுவது நம் ஊர் ஏவுதளத்தைக் கட்டுவதைவிட ஏன் சுலபமாக இருக்கிறது என்று.

இப்போது குலசேகரப்பட்டினத்தில் புதிதாகக் கட்டுகிறீர்கள். 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டியது. இதே மன்னார் வளைகுடாக் கரைதான் அதுவும். ஏன் அங்கே என்று பிள்ளைகளுக்கு விளக்குவது எனக்கு மிகச் சுலபமாக இருந்தது. தனுஷ்கோடி முனையில் நின்றால் தலைமன்னார் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தூரம்தான். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே, துருவங்களுக்கு மேலாகச் சுற்றும் பாதைக்குப் போகும் ராக்கெட் இலங்கையின் மேல் பறக்காமல் வளைந்து போக வேண்டும். வளைவதற்கு எரிபொருள் செலவாகும். 34 மீட்டர் உயரமுள்ள சின்ன ராக்கெட்டான எஸ்.எஸ்.எல்.வி.க்கு அந்தச் செலவு பெரிய நட்டம். குலசையிலிருந்து நேராகத் தெற்கே போகலாம். வரைபடத்தில் ஒரு நூலைப் பிடித்துக் காட்டினேன், முடிந்தது. கட்டுமானம் நடக்கும்போதே கட்டம் கட்டமாகப் படங்களையும் வெளி அளவுகளையும் போட்டுவந்தால், நீங்கள் அங்கே கட்டக் கட்ட நாங்கள் இங்கே கட்டுவோம். இந்தக் கரையில் இருக்கிற பள்ளிகளில் கட்டுவதற்குக் கைகள் இருக்கின்றன. படகுப் பட்டறை ஊர்தோறும் இருக்கிறது. ஃபைபர், ரெசின், வெட்டி மிச்சமான பிளைவுட் எல்லாம் கிடைக்கும். சொல்லிக்கொடுக்க நானே வருவேன், காசு வேண்டாம்.

வரைபடத்தைத் தபாலில் எனக்கென்று அனுப்ப வேண்டாம். உங்கள் இணையதளத்தில் எல்லோருக்கும் பொதுவாகப் போட்டால் போதும். தமிழில் ஒரு வரி விளக்கம் இருந்தால் இன்னும் நல்லது.

இரண்டாவது ஏவுதளம் முக்கால்வாசி முடிந்துவிட்டது. அதன் பக்கத்தில் இன்னொரு பிளைவுட் பலகை வாங்கி, இரண்டு கோட் பிரைமர் அடித்து வைத்திருக்கிறோம். அதன் நடுவில் எஸ்.எல்.வி-3க்கு என்று பென்சிலால் எழுதியிருக்கிறாள் என் அக்கா மகள். மேற்கொண்டு ஒரு கோடு போட வேண்டுமானாலும் உங்கள் எண் வேண்டும்.

இப்படிக்கு,
மண்டபத்திலிருந்து ஒரு படகுப் பட்டறைக்காரர்