இரண்டாவது பாட்டிலிருந்து கேட்போம், அண்ணா

அன்புள்ள அண்ணா,

தாளத்தை முன்வைக்கும் ஃபங்க் இசையை வாசித்த அமெரிக்கக் குழுவான ஸ்லை அண்ட் த ஃபேமிலி ஸ்டோனின் 'ஃப்ரெஷ்' ஆல்பத்தைப் பற்றி நீங்களும் நானும் 17 வருடங்களாகச் சண்டை போட்டு வருகிறோம். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து போட்டிருக்கிறோம். பெரியப்பாவின் காரியம் முடிந்த அன்று மாலை மொட்டைமாடியில்கூடப் போட்டிருக்கிறோம். போன வாரம் எனக்கு ஒரு விஷயம் தெரியவந்தது. இத்தனை காலமும் நாம் பேசியது ஒரே இசைத்தட்டைப் பற்றி அல்ல. உங்களிடம் இருப்பது வேறு, என்னிடம் இருப்பது வேறு.

இதைத் தொலைபேசியில் சொன்னால் பாதியில் மறித்துவிடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். எல்லோரும் படிக்கும்படி எழுதுவதற்கும் காரணம் உண்டு. இந்தத் தட்டை வைத்து நம்மைப்போல் வாதாடுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் சிலருக்காவது நமக்கு நேர்ந்ததே நேர்ந்திருக்கும்.

நடந்தது இதுதான். 2007இல் வந்த மறுபதிப்பு சிடியை நான் அடுத்த வருடம் வாங்கினேன். அதில் அசல் பாட்டுகள் 11 முடிந்த பிறகு, கூடுதலாக ஐந்து மாற்று வடிவங்கள் உண்டு. கடைசிப் பாட்டு ஓய்ந்ததும் நிறுத்திவிடுவது என் வழக்கம். அந்தத் தட்டு அங்கே முடிவதுதான் முறை என்று தோன்றும். போன ஞாயிற்றுக்கிழமை மழை. துணி எடுக்க மாடிக்கு ஓடினேன், தட்டு தானாக ஓடிக்கொண்டிருந்தது. நனைந்த துணியோடு இறங்கி வரும்போது 'ஸ்கின் ஐம் இன்' மறுபடி கேட்டது. அதே பாட்டு, ஆனால் குரலையும் வாத்தியங்களையும் சேர்த்திருந்த கலவை வேறு. எங்கோ கேட்டது போலவும் இருந்தது, கேட்காதது போலவும் இருந்தது. உடனே உங்கள் மகனைக் கூப்பிட்டு, "அப்பாவின் சிடியில் ஆறாவது பாட்டைப் போட்டு ஒலிப்பதிவு செய்து அனுப்பு" என்றேன். காரணம் கேட்காமல் அனுப்பினான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டேன். உங்கள் வீட்டில் ஓடுவது அந்த மாற்று வடிவம்தான்.

காரணம் இப்போது புரிகிறது. குழுவின் தலைவரான ஸ்லை ஒரு பதிவை முடித்துவிட்டு அதைச் சும்மா விட்டவர் அல்ல. 'ஃப்ரெஷ்' ஒலிநாடாக்களைத் திரும்பத் திரும்ப எடுத்துச் சில இடங்களைப் புதிதாகப் பதிவு செய்தார், கலவையை மாற்றினார். அதனால் 11 பாட்டுகளில் 10 பாட்டுகளுக்கு மாற்று வடிவங்கள் தங்கிவிட்டன. 1991இல் இந்த ஆல்பம் அமெரிக்காவில் சிடியாக வந்தபோது, தவறுதலாக அந்த மாற்று வடிவங்கள் போய்விட்டன. நீங்கள் கப்பலில் இருந்த நாட்களில், 1994இல், ஹூஸ்டன் துறைமுகத்தில் இறங்கி வாங்கிய சிடி அது. 1973 ஜூனில் எபிக் நிறுவனம் வெளியிட்டு ஜனங்கள் கேட்டார்களே, அந்த 'ஃப்ரெஷ்' உங்கள் அலமாரிக்கு வந்து சேரவே இல்லை.

மாற்று வடிவம் இல்லாத அந்த ஒரே பாட்டு எது தெரியுமா அண்ணா? 'இன் டைம்'. முதல் பாட்டு. நமக்குள் ஒருநாளும் சண்டை வராத ஒரே பாட்டும் அதுதான்.

நான் பள்ளிக்கூடத்தில் படித்த நாட்களில் நீங்கள் விடுப்பில் வரும்போதெல்லாம், பெட்டியைத் திறப்பதற்கு முன்பே சிடிக்களைத்தான் வெளியே எடுப்பீர்கள். வேட்டி நுனியால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் துடைப்பீர்கள், வட்டமாகத் துடைக்கக் கூடாது என்று எனக்கும் சொல்லிக்கொடுத்தீர்கள். அதே குழுவின் முந்தைய ஆல்பமான 'ஸ்டாண்ட்' முழுக்க ஓடும். 'தேர்ஸ் எ ரையட் கோயிங் ஆன்' முழுக்க ஓடும். 'ஃப்ரெஷ்' மட்டும் முதல் பாட்டோடு நிற்கும். "இதற்கு மேல் பழைய ஆட்கள் இல்லை" என்று சொல்லி எடுத்துவிடுவீர்கள். நான் அந்த ஒரு பாட்டை வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கற்பனை செய்தே வளர்ந்தேன்.

அந்தப் பாட்டைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். முதலில் ஒரு சின்ன தாளப்பெட்டி. மேஸ்ட்ரோ ரிதம் கிங் என்று பெயர். ஓட்டல் மூலையில் தனியாக ஆர்கன் வாசிப்பவருக்குத் துணையாகச் செய்யப்பட்ட வகைக் கருவி. பொத்தானை அழுத்தினால் ஒரே தாளத்தை அசராமல் டிக் டிக் என்று போட்டுக்கொண்டே இருக்கும். அதன் மேல் ஆண்டி நியூமார்க் டிரம்ஸ் வாசிக்கிறார். பெட்டி போடுவதை அவர் திரும்பப் போடுவதில்லை. கச்சேரியில் பாடகரின் கை தொடையில் தாளம் போட, மிருதங்கக்காரர் அந்தத் தாளத்தைச் சுற்றிச் சுற்றிப் போய் வருவார் அல்லவா, அந்த உறவுதான் இங்கே. பெரிய டிரம் நாம் எதிர்பார்க்கும் இடத்தில் விழாது, சற்று முன்னே விழும் அல்லது விழாமலே போகும். ஹை-ஹாட் என்ற ஜோடித் தட்டு திறந்து மூடும் சின்ன 'ஸ்ஸ்' சத்தம் ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் வருகிறது. பேஸ் கிட்டார் நான்கு சுரம் பேசிவிட்டுப் பின்வாங்குகிறது. அந்தக் கார்வைக்குள் கிட்டார் ஒரு கீறல் கீறுகிறது. ஒருவர் விட்ட இடத்தை இன்னொருவர் நிரப்புகிறார், ஆனால் முழுக்க நிரப்புவதில்லை. ஜாஸ் மேதை மைல்ஸ் டேவிஸ் இந்தப் பாட்டைத் தன் குழுவினரை உட்காரவைத்து அரை மணி நேரம் திரும்பத் திரும்பக் கேட்கவைத்தார் என்பார்கள். எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை.

என் கட்சி இதுதான் அண்ணா: அந்த முதல் பாட்டின் பேச்சு, அசல் தட்டில் கடைசிப் பாட்டுவரை தொடர்கிறது. உங்கள் தட்டில் அது முதல் பாட்டோடு அறுந்துபோகிறது. மிச்சம் பத்தும் ஸ்லை இறுதியாக ஒப்புக்கொடுத்த கலவை அல்ல. நீங்கள் முதல் பாட்டோடு நிறுத்தியது உங்கள் காதின் குறை அல்ல. உங்கள் காது சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

ஆனாலும் இதோடு நம் வழக்கு தீர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். பழைய ஆட்கள் இல்லை என்ற உங்கள் குற்றச்சாட்டு அப்படியே நிற்கிறது. டிரம்ஸ் வாசித்த கிரெக் எரிக்கோ 1971இல் போய்விட்டார். பேஸ் கிட்டார் வாசித்த லாரி கிரஹாம் 1972இல் போய்விட்டார். அந்த இடங்களில் நியூமார்க்கும் ரஸ்டி ஆலனும் வந்தார்கள். லாரி கிரஹாமின் கட்டைவிரல் இல்லாமல் என்ன ஃபங்க் என்பீர்கள். சரி. அந்தக் கட்டைவிரல் எப்படி வந்தது? அவர் அம்மாவோடு சேர்ந்து வாசித்த காலத்தில் டிரம்ஸ் வாசிக்க ஆள் இல்லாமல் போனது. பெரிய டிரம்மின் அடிக்காகத் தந்தியைக் கட்டைவிரலால் அடித்தார், சின்ன டிரம்மின் அடிக்காக இன்னொரு விரலால் சுண்டினார். ஆள் இல்லாத குறையிலிருந்து பிறந்த வாசிப்பு அது. அதே லாரி கிரஹாம் இல்லாமல் போன இடத்திலிருந்து இன்னொன்று பிறக்கக் கூடாதா? ஆலன் அந்த அடியை நகல் எடுக்கவில்லை. விரலால், உருட்டி, அடக்கி வாசிக்கிறார். தாளக் கருவிகள், முக்கியமாகப் பெரிய டிரம்மும் பேஸும், இசைக்கலவையின் நடுவுக்கு வந்து உட்கார்ந்ததற்கு உதாரணமாக இசையமைப்பாளர் பிரையன் ஈனோ காட்டியது இந்த ஆல்பத்தைத்தான். அடித்து நொறுக்கும் பேஸாக இருந்திருந்தால் அந்த இடம் அதற்குக் கிடைத்திருக்காது.

ஆட்களைக் கணக்குப் பார்ப்பது என்றால் நீங்கள் போற்றும் 'ரையட்' தட்டையும் பார்க்க வேண்டும். 1971இல் அது வந்தபோது குழு ஏற்கெனவே கலைந்துகொண்டிருந்தது. ஸ்லை பல வாத்தியங்களைத் தானே வாசித்தார். பாபி வோமாக், பில்லி பிரெஸ்டன் போன்ற வெளியாட்கள் வந்து போனார்கள். 'ஃபேமிலி அஃபேர்' பாட்டில் டிரம்ஸ் வாசிப்பது மனிதர் அல்ல, இதே தாளப்பெட்டிதான். மேலே மேலே பதிவு செய்து அழித்து அந்த ஒலிநாடாவே தேய்ந்து இரைகிறது. அந்த இரைச்சல் எனக்கும் பிடிக்கும், அது ஒரு மகத்தான தட்டு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கூடி வாசிக்கும் குழு எந்தத் தட்டில் இருக்கிறது என்று கேட்டால், 'ஃப்ரெஷ்' என்றுதான் சொல்வேன். சிந்தியா ராபின்சனின் டிரம்பெட், ஜெர்ரி மார்ட்டினியின் சாக்ஸபோன், ஸ்லையின் தம்பி ஃப்ரெடியின் கிட்டார், தங்கை ரோஸின் குரல், எல்லாம் இங்கே இருக்கின்றன. அறைக்குள் மனிதர்கள் திரும்பி வந்திருக்கிறார்கள்.

கோபம் போய்விட்டது என்றும் சொல்வீர்கள். 'ஸ்கின் ஐம் இன்' பாட்டை அசல் வடிவத்தில் கேளுங்கள். மறுபடி ஒரு முறை வாழக் கிடைத்தாலும் இதே தோலோடுதான் இருப்பேன் என்று 1973 அமெரிக்காவில் ஒரு கறுப்பின மனிதர் கத்தாமல் சொல்கிறார். கத்தாததால் அது கோபம் இல்லை என்று ஆகிவிடாது. 'இஃப் யூ வான்ட் மீ டு ஸ்டே' பாட்டும் அப்படித்தான். 1970இல் ஒப்புக்கொண்ட 80 கச்சேரிகளில் 26க்கு வராமல் போனவர் அவர். அதனால் எவ்வளவு ஏச்சு வாங்கியிருப்பார்! நான் இருக்க வேண்டும் என்றால் நானாகத்தான் இருப்பேன் என்று அவர் பாடும்போது அது காதலியிடம் சொல்வது மட்டும் அல்ல, டிக்கெட் வாங்கிக் காத்திருந்த கூட்டத்திடமும் சொல்வது. குரல் கீழிருந்து மேலே தாவிக் கரகரக்கும் இடம் ஒன்று உண்டு. 'ரையட்' தட்டு முழுவதிலும் அவ்வளவு விழித்திருக்கும் குரல் எனக்குக் கேட்கவில்லை.

'கீப் ஆன் டான்ஸின்' பாட்டை நான் காப்பாற்றப் போவதில்லை. அவர்களுடைய பழைய வெற்றிப் பாட்டையே எடுத்து இன்னொரு முறை அரைத்திருக்கிறார்கள். அதில் நீங்கள் சொல்வது சரி.

'கே செரா செரா' விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். "பஞ்சம் பிடித்து அடுத்தவர் பாட்டை எடுத்துப் பாடியிருக்கிறார்கள்" என்று பந்தியில் வைத்துச் சொன்னீர்கள், அன்று நான் பாயசத்தை வைத்துவிட்டு எழுந்தேன். பாடகி டோரிஸ் டே 1956இல் பாடியது மூன்று தட்டுத் தாளத்தில் துள்ளும் வால்ட்ஸ். அம்மாவிடம் மகள் கேட்கும் கேள்வி, அம்மா சொல்லும் பதில். ஸ்லை அதை அப்படியே இழுத்து, ஆர்கனைப் போட்டு, கோயில் பாட்டாக நிதானமாக்கிவிட்டார். அது அவருக்கு அன்னியமான இடம் அல்ல. வாலேஹோ நகரத்தில், தேவாலயத்தில் பாடி வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். 1952இலேயே அண்ணன் தம்பி தங்கைகள் சேர்ந்து பக்திப் பாட்டுத் தட்டு ஒன்று கொடுத்திருக்கிறார்கள். ரோஸ் தனியாகக் கேள்வியைக் கேட்கிறார், ஒரு குழந்தையின் கேள்வியை, களைத்துப்போன பெரிய மனுஷியின் குரலில். பல்லவியில் எல்லோரும் சேர்ந்துகொள்ளும்போது ஸ்லை மேலே ஏறிக் கதறுகிறார். நடப்பது நடக்கும் என்ற சொல், ஒரு வீட்டில் எல்லாம் நடந்து முடிந்த பிறகு சொல்வதுபோல் கேட்கிறது.

ஒருநாள் இரவு நான் இதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது அம்மா அடுக்களையிலிருந்து வந்து வாசலில் நின்றார். கையில் அரிசி களைந்த ஈரம். கொஞ்சம் நேரம் கேட்டார். பிறகு ரோஸின் குரலுக்கு அடியில், "சின்னப் பெண்ணான போதிலே" என்று மெல்லிய குரலில் பாட ஆரம்பித்தார். 1957இல் 'ஆரவல்லி' படத்தில் ஜிக்கியும் டி.வி.ரத்தினமும் பாடியது, அந்த மெட்டுதான். இவ்வளவு மெதுவாகப் பாடினாலும் நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். உங்கள் சித்தி ஃபங்க் பற்றிச் சொன்ன ஒரே கருத்து அது. அதன் பிறகு அந்தப் பாட்டைக் கேட்கும்போதெல்லாம் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நிற்கும் அம்மாதான் கண்முன் வருகிறார்.

2025 ஜூன் 9 அன்று ஸ்லை இறந்த செய்தியை எனக்கு முதலில் சொன்னது நீங்கள். 82 வயது என்றீர்கள், பிறகு வெகுநேரம் பேசவில்லை. அன்று நீங்கள் 'ஸ்டாண்ட்' போட்டுக் கேட்டிருப்பீர்கள், நான் 'ஃப்ரெஷ்' கேட்டேன். அட்டையில் ரிச்சர்ட் அவெடான் எடுத்த படம், கால்கள் தரையில் இல்லாமல் காற்றில் துள்ளும் ஸ்லை. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரே மனிதருக்காக இரண்டு வீட்டில் தனித்தனியாக உட்கார்ந்திருந்தோம்.

பொங்கலுக்கு ஊருக்கு வருகிறீர்கள் அல்லவா? உங்கள் ஹூஸ்டன் சிடியையும் எடுத்து வாருங்கள், அதுவும் இப்போது எனக்கு வேண்டும். தவறுதலாக வந்ததாலேயே அதற்கு ஒரு மதிப்பு உண்டு, அதையும் முழுக்கக் கேட்டுப் பார்க்கிறேன். என்னுடையதை நீங்கள் கேளுங்கள். மாடி அறையில் அந்தப் பழைய ஒலிபெருக்கிகளைத் துடைத்து வைக்கிறேன். அண்ணியிடம் முன்பே சொல்லிவிடுங்கள், ஒரு மணி நேரம் நம்மைக் கூப்பிட வேண்டாம் என்று. 'இன் டைம்' பாட்டை விட்டுவிட்டு இரண்டாவதிலிருந்து ஆரம்பிக்கலாம்.

அன்புடன்,
தம்பி