எங்கள் பட்டிக்கு ஓடி வந்தவர்களுக்கு

வெள்ளகோவில் சுற்றுவட்டாரத்து உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் வணக்கமுங்க.

போன மாசி மாதம் எங்கள் தோட்டத்துப் பட்டிக்குள் தெருநாய்க் கூட்டம் புகுந்து 11 செம்மறிகளைக் கொன்றுபோட்டது உங்களில் பலருக்குத் தெரியும். தடுக்கப் போன அப்பாவுக்கும் கையில் நல்ல கடி. அன்றைக்கும் அதற்கப்புறமும் எங்களுக்குக் கைகொடுத்தவர்கள் நிறைய பேர். பலரை நேரில் பார்த்துச் சொல்லிவிட்டேன். ஆனாலும் யார் யார் என்னென்ன செய்தார்கள் என்று ஊரறிய ஒரு முறை சொல்ல வேண்டும் என்று தோன்றியது. இதே நிலைமை நாளைக்கு இன்னொரு தோட்டத்தில் வந்தால் முதலில் என்ன செய்யணும் என்பதும் நாலு பேருக்குத் தெரியட்டும்.

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு விஷயம். காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர் பக்கம் மழை குறைச்சல். கிளுவை முள்வேலி போட்ட கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலத்தில் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும்தான் எங்கள் சொத்து. அதை வைத்து ஆடு, மாடு பிழைக்கிறது, அவற்றை வைத்து நாங்கள் பிழைக்கிறோம். என் காலேஜ் ஃபீஸ், ஆத்தாவின் கண் ஆபரேஷன், தங்கச்சி கல்யாணத்துச் சீர் எல்லாமே கிடாய்க்குட்டி விற்ற காசு. அதனால் ஓர் ஆடு செத்தால் வீட்டில் எல்லோருக்கும் அது எந்த ஆடு, எத்தனையாவது ஈத்து என்று தெரியும்.

நாய் பசிக்கு ஓர் ஆட்டைப் பிடித்துத் தின்றுவிட்டுப் போனால்கூட மனசைத் தேற்றிக்கொள்ளலாம். கூட்டமாகச் சேர்ந்துவிட்டால் அவை தின்பதற்காகக் கடிப்பதில்லை. ஓடுகிற ஆட்டையெல்லாம் கடிக்கின்றன. கழுத்து, தொடை, மடி என்று கவ்விக் கிழித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். செம்மறிகள் பயந்து ஒரே மூலையில் போய் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். அடியில் மாட்டியது மூச்சு முட்டிச் சாகும். எங்களுக்குச் செத்த ஆடுகளில் சிலதின் உடம்பில் ஒரு பல்கூடப் படவில்லை.

முதல் நன்றி பக்கத்துத் தோட்டத்து அக்காவுக்கு. அவர் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் தன்னார்வலர். வீடு வீடாகப் போய் பி.பி., சுகர் பார்த்து மாத்திரை கொடுப்பவர். சத்தம் கேட்டு ஓடி வந்தவர்களில் ஒருவர் மஞ்சள்தூளை எடுக்க ஓடினார், இன்னொருவர் சுண்ணாம்பு வைக்கச் சொன்னார். அக்கா யாரையும் பக்கத்தில் விடவில்லை. அப்பாவைத் தொட்டிக் குழாயடியில் உட்கார வைத்து, துணி துவைக்கிற சோப்பை எடுத்து, முழங்கையிலிருந்து விரல் நுனி வரை தேய்த்துக் கழுவினார். ரத்தம் தண்ணீரோடு ஓடிக்கொண்டே இருக்கிறது, அப்பா எழுந்திருக்கப் பார்க்கிறார். "அண்ணா, பதினஞ்சு நிமிசம் ஆகற வரைக்கும் கையை எடுக்கக் கூடாதுங்க. ஆட்டை நாங்க பாத்துக்கறோம்" என்று தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டார். செல்போனில் நேரம் பார்த்துத்தான் விட்டார். வெறிநோய்க் கிருமியின் மேலுறை கொழுப்பால் ஆனது, சோப்பு அதைக் கரைத்துவிடும் என்பதை அன்றைக்கு டாக்டர் சொல்லித்தான் நாங்கள் தெரிந்துகொண்டோம். அக்கா பயிற்சியில் கேட்டதை அப்படியே செய்திருக்கிறார். அக்கா, உங்களுக்கு எத்தனை முறை நன்றி சொன்னாலும் தகும்.

அடுத்தது ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் அம்மாவுக்கு. எங்கள் வீட்டில் நாய்க்கடி ஊசி என்றால் பெரிய பயம். அப்பாருவுக்கு, அதாவது தாத்தாவுக்கு, சின்ன வயதில் கடிபட்டு, தொப்புளைச் சுற்றி 14 ஊசி போட்ட கதையைச் சொல்லிச் சொல்லியே அப்பாவை வளர்த்திருக்கிறார்கள். நர்ஸ் அம்மா சிரிக்காமல், அவசரப்படாமல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். அந்தக் காலத்து மருந்து குன்னூர் பாஸ்டர் நிறுவனம் மாதிரியான இடங்களில் செம்மறி ஆட்டு மூளையிலிருந்து தயாரானது, நாட்டிலேயே 2004-ஓடு அதை நிறுத்திவிட்டார்கள், இப்போது கையிலே தோலுக்குள் துளி மருந்துதான் என்று விளக்கினார். 'ஆட்டு மூளையா!' என்று அப்பா கேட்ட பிறகுதான் அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. கடி ஆழமாக இருந்ததால் தடுப்பூசி மட்டும் போதாது, சீரமும் வேண்டும் என்று சீட்டு எழுதி, பெரிய ஆஸ்பத்திரிக்கு அவரே போன் செய்து மருந்து இருக்கிறதா என்று உறுதி செய்துவிட்டுத்தான் எங்களை அனுப்பினார். அந்த ஒரு போன் எங்களை எவ்வளவு அலைச்சலிலிருந்து காப்பாற்றியது என்பது அலைந்தவர்களுக்குத்தான் தெரியும்.

பெரிய ஆஸ்பத்திரியில் இருந்த இளம் டாக்டருக்கும் நன்றி. பல் இறங்கிய ஒவ்வோர் ஓட்டையைச் சுற்றியும், அதற்குள்ளேயும் அந்தச் சீரத்தைப் பொறுமையாக ஏற்றினார். வலி உயிர் போகும். தடுப்பூசி உடம்பில் வேலை செய்ய ஒரு வாரம் பத்து நாள் ஆகும், அதுவரை கிருமியைக் கடிவாயிலேயே மடக்குவதற்குத்தான் இது என்று சொல்லிச் சொல்லிப் போட்டார். தையல் உடனே போடக் கூடாது என்றும் அவர்தான் சொன்னார். அறிகுறி வந்துவிட்டால் இந்த நோய்க்கு வைத்தியமே கிடையாது, வருவதற்கு முன்னால் தடுத்தால்தான் உண்டு. 2024-ல் தமிழ்நாட்டில் சுமார் 4.8 லட்சம் பேருக்கு நாய்க்கடி, 40-க்கும் மேற்பட்டவர்கள் வெறிநோயில் இறந்திருக்கிறார்கள். அந்தக் கணக்கில் எங்கள் அப்பா சேராமல் போனதற்கு இவர்கள்தான் காரணம்.

முதல் ஊசி போட்ட நாளை 0 என்று வைத்து 0, 3, 7, 28-ம் நாள்களில் ஊசி என்பது கணக்கு. முதல் மூன்றை எல்லோரும் போட்டுக்கொள்கிறார்கள், புண் ஆறிய பிறகு வருகிற 28-ம் நாள் ஊசியைத்தான் விட்டுவிடுகிறார்களாம். நர்ஸ் அம்மா ஒவ்வொன்றுக்கும் முந்தின நாள் சாயந்திரம் அப்பாவுக்கே போன் செய்தார். "நாளைக்கு வந்துருங்க, மறந்துராதீங்க" என்று அவ்வளவுதான் பேசுவார். அப்பாவும் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

கால்நடை டாக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். விடியும் முன்னாலேயே வந்துவிட்டார். கடிபட்டு உயிரோடு இருந்த ஆடுகளை ஒவ்வொன்றாகப் பிடித்து, ரோமத்தைக் கத்தரித்து, கழுவி, மருந்து வைத்தார். கழுத்து கிழிந்த சினை ஆடு ஒன்று. தலையைத் தூக்க முடியாமல் கிடந்தது. இது பிழைக்காது என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். அவர் மண்ணில் மண்டியிட்டு அதன் தலையைத் தன் தொடைமேல் வைத்துக்கொண்டு, தம்பி பிடித்த டார்ச் வெளிச்சத்தில் வெகுநேரம் வேலை பார்த்தார். பேண்ட் முழுக்க ரத்தம், புழுக்கை. பிறகு அது இரண்டு குட்டி போட்டது, இரண்டும் கிடாய். கடிபட்ட ஆடுகளுக்கும் வெறிநோய்த் தடுப்பூசி வரிசையாகப் போட வேண்டும் என்பது நிறைய பேருக்குத் தெரியாது. கொறங்காட்டில் மேய்கிற ஆடு ஒன்றுக்கு நோய் வந்தால், வாயில் கைவிட்டு மருந்து ஊட்டுகிறவருக்கும் ஆபத்து. எங்கள் பட்டி நாயும் அன்றைக்குக் கடி வாங்கியது. ஜூலை 6 முகாமில் அதற்கு ஏற்கெனவே இலவசமாக ஊசி போட்டிருந்ததால் பயம் குறைவு, மறுபடி போட்டால் போதும் என்றார். அந்த முகாமை ஊருக்கு ஊர் நடத்துகிற கால்நடைத் துறை ஊழியர்கள் எல்லோருக்கும் நன்றி.

அன்று காலையிலேயே செத்த ஆடுகளை அடிமாட்டு விலைக்குக் கேட்டு ஆள் வந்தது. அப்பாரு திண்ணையை விட்டு எழுந்திருக்காமல், "குழிக்குப் போறதைச் சோத்துக்குக் கேக்காதீங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார். குழி தோண்ட வந்த ஜேசிபி அண்ணன் வேலை முடிந்ததும் வாடகை வாங்க மறுத்தார். அம்மா வற்புறுத்தி நோட்டைப் பையில் திணிக்க, அவர் அதை எடுத்துத் தொட்டித் திண்டில் வைத்து, பறக்காமல் இருக்க ஒரு கல்லையும் வைத்துவிட்டு, "மிச்சம் இருக்கற ஆட்டுக்குத் தீவனம் வாங்குங்க" என்று வண்டியைக் கிளப்பிவிட்டார். அண்ணா, சொன்னபடியே பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் வாங்கினோம்.

கிராம நிர்வாக அலுவலர் அன்றைக்கே நேரில் வந்து பார்த்து எழுதினார். டாக்டர் பிரேதப் பரிசோதனைச் சான்றிதழ் கொடுத்தார். இழப்பீட்டுக்கு இந்த இரண்டும் முக்கியம், போட்டோவும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டுக்கு அரசு கொடுத்த 6,000 ரூபாய் என்பது சந்தை விலைக்கு ஈடாகாது. ஆனால் அதுவாவது வந்ததற்குக் காரணம், எங்களுக்கு முன்னால் ஆடு பறிகொடுத்த விவசாயிகள். செத்த ஆடுகளைத் தூக்கிக்கொண்டு போய் வெயிலில் ரோட்டில் உட்கார்ந்தவர்கள் அவர்கள். அன்றைக்கு அந்தப் பக்கம் பஸ்ஸில் போனவர்களில் எத்தனையோ பேர் சலித்துக்கொண்டிருப்பார்கள். அந்த விவசாயிகளுக்கு எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டது.

இப்போது சொல்லப் போகிற நன்றி சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். சம்பவத்துக்கு அப்புறம் ஊரில் சில பேர் விஷம் வைத்துவிடலாம் என்று கொதித்தார்கள். கோபம் நியாயம். ஆனால் விஷம் வைத்தால் பட்டி நாயும் சாகும், மயிலும் சாகும், மேய்கிற ஆடும் வாய் வைக்கும். சட்டப்படியும் குற்றம். அந்த நேரத்தில் ஈரோட்டிலிருந்து ஒரு பெண் வந்தார். நாய்களுக்குக் கருத்தடை செய்ய உதவுகிறவர். எங்கள் ஆட்கள் அவரைக் கடுமையாகப் பேசினார்கள். அவர் திருப்பி ஒரு வார்த்தை பேசாமல், முதலில் பட்டிக்குப் போய்ப் பார்க்கிறேன் என்றார். பார்த்துவிட்டு அழுதார். அப்புறம் வலையோடு ஆட்களைக் கூட்டி வந்து, ரோட்டோரம் திரிந்த பெட்டை நாய்களைப் பிடித்துக் கொண்டுபோய், கருத்தடையும் வெறிநோய் ஊசியும் போட ஏற்பாடு செய்தார். ஒரு பெட்டை வருஷத்துக்கு இரண்டு தரம்கூட ஈனலாம் என்பதை நினைத்துப் பார்த்தால் இந்த வேலையின் அளவு புரியும். இடது காது நுனி வெட்டியிருக்கிற நாய்கள் அவர் கைபட்டவை.

ஒரு விஷயத்தில் எனக்கும் அவருக்கும் கருத்து வேறு. பிடித்த நாயைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்பது விதி. ஆட்டை விரட்டிக் கொன்று பழகிய கூட்டத்தைப் பட்டிப் பக்கத்திலேயே விடுவது சரியில்லை என்பது என் எண்ணம். கருத்தடை குட்டியைத் தடுக்கும், பழகிய வேட்டையைத் தடுக்காது. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் வெறிபிடித்த, மூர்க்கமான நாய்களைத் திரும்ப விடக் கூடாது என்றுதான் சொன்னது. நான் அவரிடமே இதைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டு, அந்தக் கூட்டத்தில் மூர்க்கமாக இருந்த இரண்டு நாய்களை மட்டும் காப்பகத்தில் வைக்க இடம் தேடிக் கொடுத்தார். அம்மணி, உங்களை ஏசியவர்கள் சார்பிலும் நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

கோழிக்கடை வைத்திருக்கும் தம்பிக்கும் நன்றி. ராத்திரியில் யார் யாரோ ரோட்டோரப் பள்ளத்தில் கோழிக்கழிவைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். குடலும் தலையும் தினமும் கிடைக்கிற இடத்தில் நாய் கூடாமல் என்ன செய்யும்? கழிவு குறைகிற நாளில் அதே கூட்டம் பட்டியைத் தேடி வரும். தம்பிதான் முதலில் மூடி போட்ட பேரல் வாங்கி வைத்து, கழிவை எடுத்துப் போகும் வண்டிக்குக் கொடுக்க ஆரம்பித்தார். மற்ற கடைக்காரர்களையும் அவரே போய்ப் பேசி ஒத்துக்கொள்ள வைத்தார். யாரும் அபராதம் போடவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. அந்தப் பள்ளத்தை அள்ளிச் சுத்தம் செய்த தூய்மைக் காவலர்களுக்கு, அந்த நாற்றத்தில் நின்று வேலை செய்ததற்கு, கைகூப்பி நன்றி.

பட்டியைச் சுற்றியிருந்த படலை எடுத்துவிட்டு ஆளுயரத்துக்குக் கம்பிவலை போட்டுக் கொடுத்த மாமா, கூலியைக் கிடாய் விற்கும்போது வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். நாய் அடியில் தோண்டி நுழையாமல் இருக்க, வலையை ஒரு முழம் மண்ணுக்குள் இறக்கிக் கல் அடுக்கியது அவர் யோசனை. ஆடுகள் பட்டிக்குள் போகவே பயந்த அந்த ராத்திரிகளில், கயிற்றுக் கட்டிலைப் பட்டி வாசலில் போட்டுப் படுத்த பங்காளி வீட்டுத் தம்பி பரீட்சைக்கும் அங்கேயே படித்தான். அவன் நல்ல மார்க் வாங்கட்டும்.

ஒருவர் மட்டும் பாக்கி. அன்றைக்கு நாலு மணி வாக்கில் பால் வண்டி ஓட்டி வந்த டிரைவர் அண்ணனை எங்களுக்கு யாரென்று தெரியாது. தோட்டத்து வேலிகளுக்கு நடுவே வரும் இட்டேரித் தடத்துக்குள் வண்டியைத் திருப்பி, ஹாரனை விடாமல் அடித்து, விளக்கைப் பட்டியின்மேல் போட்டு நாய்களைக் கலைத்தது நீங்கள்தான். நாங்கள் ஆடுகளைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் கிளம்பிவிட்டீர்கள். பால் ஏற்ற நேரமாகியிருக்கும். இதை நீங்களோ உங்களைத் தெரிந்தவர்களோ படித்தால், மறுபடி இந்தப் பக்கம் வரும்போது அதே இட்டேரியில் வண்டியை நிறுத்துங்கள். வேப்பமரத்தை ஒட்டிய முதல் சாளை வீடு எங்களுடையது. அப்பாவும் அம்மாவும் உங்களைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்காருங்கள், மற்றதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

அன்புடனும் நன்றியுடனும்,
தோட்டத்து வீட்டு மகள்