நாலு விரல் மேலே

மாப்பிள்ளை,

உன் இரண்டு கடிதத்துக்கும் பதில் போடவில்லை. மூன்றாவதில் நீ கெட்ட வார்த்தைக்கு இறங்குவதற்குள் முந்திக்கொள்கிறேன். வீட்டில் எல்லோரும் நலம், அம்மாவின் முழங்கால் தவிர. மொட்டை மறுபடியும் சீட்டுப் பிடிக்க ஆரம்பித்திருக்கிறான். உன்னைக் கேட்டால் ஊரில் இல்லை என்று சொல்லிவிடு.

எழுத வைத்தது அப்பாவின் கரோலா கார். அதைப் பழைய இரும்புக்கு வெட்டிப் போட்டுவிடுவார்களோ என்று பத்து நாள் தூங்கவில்லை.

போன மாதம் கியர்பாக்ஸ் ஆயில் மாற்றக் கொடுத்தேன். ஆட்டோமேட்டிக் என்றதும் மற்ற பட்டறைக்காரர்கள் தயங்கினார்கள். இவர் மட்டும் "அதெல்லாம் சப்பை மேட்டருங்க" என்றார். அந்த இடத்திலேயே வண்டியைத் திருப்பியிருக்க வேண்டும்.

மறுநாளிலிருந்து கியர் லீவரை 'டி'யில், அதாவது ஓட்டுகிற இடத்தில் போட்டால் வண்டி யோசித்தது. ஒன்று, இரண்டு எண்ணினால்தான் 'டொக்'கென்று பிடிக்கும். புது ஆயில், பழகட்டும் என்று விட்டேன். (சிரிக்காதே.) அந்த ஞாயிற்றுக்கிழமை கோத்தகிரியில் கல்யாணம். பின் சீட்டில் அம்மா. மேட்டுப்பாளையம் தாண்டி மேடு ஏற ஏற, ஆக்சிலேட்டரை மிதித்தால் இஞ்சின் கத்துகிறது, வண்டி நகரவில்லை. குஞ்சப்பனைக்குப் பக்கத்தில் தீய்ந்த நாற்றம், அடியில் புகை. இறங்கிப் பார்த்தால் சைலன்சர் பைப்பின் மேல் சிவப்பாக ஆயில் சொட்டிக் கருகிக்கொண்டிருக்கிறது. அம்மா, "உங்கப்பா ஓட்டினப்ப ஒரு நாளும் இப்படி நின்னதில்ல" என்றாள். புகையைவிட அதுதான் சுட்டது.

பட்டறைக்காரர் பார்த்த பார்வையிலேயே தீர்ப்பு சொல்லிவிட்டார்: கியர்பாக்ஸ் போச்சு, பிரிக்கணும், ஒன்றரை லட்சம். நானோ ஆயில் ஒழுகிக் குறைந்துவிட்டது என்று நினைத்து ஒரு டின் வாங்கி வந்து மூடியையும் திருகிவிட்டேன். ஊற்றியிருந்தால் இந்தக் கடிதம் வேறு மாதிரி இருந்திருக்கும்.

ஊற்றுமுன் ஆயில் மட்டம் காட்டுகிற கம்பியை, அந்த டிப்ஸ்டிக்கை உருவினேன். எக்கச்சக்கமாக நனைந்திருந்தது. ஆனால் அதை நம்ப முடியாது. இஞ்சின் அணைந்து கிடந்தால் டார்க் கன்வர்ட்டரிலும் (இஞ்சின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்துகிற பாகம்) குழாய்களிலும் இருக்கிற ஆயில் கீழே தொட்டிக்கு இறங்கி, அளவைக் கூட்டித்தான் காட்டும். அதனால் முறைப்படி பார்த்தேன். இருபது கிலோமீட்டர் ஓட்டிச் சூடாக்கி, சமதரையில் நிறுத்தி, இஞ்சின் ஓட, பிரேக்கை மிதித்துக்கொண்டு லீவரை ஒவ்வொரு இடத்திலும் இரண்டு விநாடி வைத்துத் திரும்பப் பார்க்கிங் 'பி'க்குக் கொண்டு வந்தேன். நூல் பிரியாத துணியால் துடைத்துவிட்டு மறுபடி விட்டு எடுத்தால், சூட்டில் பார்க்க வேண்டிய 'ஹாட்' கோட்டுக்கு நாலு விரல் மேலே ஈரம். ஈரமென்றா சொன்னேன்? நுரை. சோப்புத் தண்ணீர் மாதிரி குமிழி.

இதில்தான் என் மூளை குழம்பியது. வழுக்குவது, பிடிக்கத் தாமதிப்பது, சூடாவது எல்லாம் ஆயில் குறைந்தால் வருகிற கோளாறு இல்லையா? கூடினாலும் அதேதான் வருகிறது. குறைந்தால் பம்ப் ஆயிலோடு காற்றையும் உறிஞ்சுகிறது. கூடினால் மட்டம் ஏறி, சுழல்கிற பற்சக்கரங்கள் அதை மோர் கடைகிற மாதிரி கடைந்து காற்றைக் கலக்கிவிடுகின்றன. கிளட்ச் தட்டுகளை அழுத்திப் பிடிப்பதே ஆயிலின் அழுத்தம்தான். நுரையில் அழுத்தம் எங்கே நிற்கும்? மிச்சமானது பிரீதர் என்கிற காற்றுத் துளை வழியாகப் பொங்கி சைலன்சர் பைப்பில் கொட்டுகிறது.

இன்னொரு பயமும் இருந்தது. ரேடியேட்டருக்குள்ளேயே இந்த ஆயிலைக் குளிர வைக்கிற குழாய் போகிறது. அது ஓட்டையானால் கூலன்ட் உள்ளே வந்து மட்டம் ஏறும். அப்படியானால் ஆயில் ரோஸ்மில்க் நிறமாகிவிடும், நிஜமாகவே ஒன்றரை லட்சம்தான். கொஞ்சம் கண்ணாடி டம்ளரில் எடுத்து ராத்திரி முழுக்க வைத்தேன். நுரை அடங்கித் தெளிந்த சிவப்பு.

அப்படியானால் ஊற்றினதே அதிகம். எவ்வளவு? அப்பாவின் நோட்டை எடுத்தேன். ஆமாம், நாம் விழுந்து விழுந்து சிரித்த அதே நோட்டு, காற்றடித்த எட்டணாவுக்குக்கூடக் கணக்கு எழுதின மனுஷன். அதில் பென்சிலில் ஒரு வரி: "கியர் ஆயில். இறங்கியது 3 லிட்டர். ஊற்றியது 3 லிட்டர்." பட்டறைப் பையனைத் தனியாகப் பிடித்து டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டேன். ஆறு டின் ஊற்றினானாம். புத்தகத்தில் மொத்தக் கொள்ளளவு ஏழு சொச்சம் என்று போட்டிருந்ததாம், அதற்குக் குறைத்துத்தான் ஊற்றினானாம். கன்வர்ட்டருக்குள் இருக்கிற பழைய ஆயில், அடியிலிருக்கிற வடிகால் போல்ட்டைத் திறந்தால் இறங்காது என்று அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பையன்மேல் கோபம் வரவில்லை.

போல்ட்டைத் திறந்து வடித்திருக்கலாம். வண்டிக்கடியில் படுக்கத் தொப்பை விடவில்லை. அறுபது மில்லி சிரிஞ்ச், நீளமான டியூப், டிப்ஸ்டிக் குழாய் வழியாக நாற்பத்திரண்டு தடவை. தங்கச்சியிடம் சொல்லாதே, சமையலறை வாளியில்தான் பிடித்தேன்.

இப்போது சூட்டில் பார்த்தால் கோட்டுக்குள் நிற்கிறது. முந்நூறு கிலோமீட்டர் ஓடிவிட்டது, 'டி'யில் போட்டதும் பிடிக்கிறது. இருந்தாலும் அந்த மேட்டில் வழுக்கினபோது தட்டுகள் கருகியிருக்குமோ என்று தினமும் டிப்ஸ்டிக்கை மோந்து பார்க்கிறேன். இதுவரை தீய்ந்த வாசனை இல்லை, நிறமும் பழுப்பாகவில்லை. வீட்டுக்காரி, "பேசாம அதைக் கட்டிக்கிட்டிருக்கலாம்" என்கிறாள்.

நோட்டில் அப்பாவின் வரிக்குக் கீழே என் கையால் எழுதி வைத்தேன்: "ஊற்றியது 6. எடுத்தது 2½." ரொம்ப நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்டா. அவர் காரியத்துக்கு நீ வர முடியாமல் போனதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. போனில் சொல்ல வரவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

அப்புறம், இதைப் படித்துவிட்டு உடனே உன் அக்கார்டின் டிப்ஸ்டிக்கை உருவாதே. ஹோண்டாக்காரன் கதை தலைகீழ்: ஓட்டிச் சூடாக்கி, இஞ்சினை அணைத்து, ஒன்றரை நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும். பார்த்து எழுது.

உன்,
எட்டணா மகன்