தம்பிக்கு: பரண்மேல் போட்ட பந்தை முதலில் இறக்கு

அன்புள்ள தம்பிக்கு,

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நீ போனில் பேசியதிலிருந்து மனசு அங்கேயே கிடக்கிறது. பையனைப் பள்ளியிலிருந்து நிறுத்தி இரண்டு மாதம் ஆகிறது, புத்தகத்தைத் தொட மாட்டேன் என்கிறான், எந்நேரமும் கால்பந்துதான், அதனால் பந்தைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிட்டேன் என்றாய். முதலில் அதை இறக்கிக் கொடு. மீதியைப் பிறகு படி.

நான்கு வருடமாக என் மகளை வீட்டிலேயே வைத்துச் சொல்லிக் கொடுக்கிறேன், அவளுக்கும் பந்துதான் உலகம். இதே கேள்வியை இன்னும் சிலர் என்னிடம் கேட்டிருப்பதால் உனக்கு எழுதுவதைப் பொதுவிலேயே எழுதிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

ஆரம்பத்தில் நான் ஒரு தப்பு செய்தேன். ஒரு பந்து 450 ரூபாய் என்றால் 6 பந்து எவ்வளவு என்று எழுதி, ஓரத்தில் பந்துப் படம் ஒட்டிக் கொடுத்தேன். இரண்டாம் நாளே அவள் கண்டுபிடித்துவிட்டாள். "இது சும்மா கணக்குதானேம்மா" என்றாள். அவள் சொன்னது சரி. பந்து என்ற இடத்தில் மாம்பழம் என்று போட்டாலும் அந்தக் கணக்கில் ஒன்றும் மாறாது. ஆட்டத்துக்குள்ளேயே கிடக்கிற கணக்கு வேறு, அதைத்தான் தோண்டி எடுக்க வேண்டும்.

நாங்கள் மொட்டைமாடியில் கோலமாவால் ஒரு மைதானம் போட்டோம். நிஜ மைதானம் 105 மீட்டருக்கு 68 மீட்டர். ஒரு மீட்டருக்கு 5 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் மாடியில் 5.25 மீட்டருக்கு 3.4 மீட்டர், நன்றாகவே அடங்கிவிடுகிறது. தசமப் பெருக்கலை அவள் அன்று ஒரு வார்த்தை முனகாமல் செய்தாள், ஏனென்றால் தப்பாகப் போட்டால் கோல் கம்பம் கோணலாகப் போய் நிற்கும். பெனால்டி கட்டத்துக்கு வெளியே ஒரு வளைவு எட்டிப் பார்க்கிறதே, அது எதற்கு என்று அவளே கேட்டாள். பெனால்டி அடிக்கும்போது மற்றவர்கள் பந்திலிருந்து 9.15 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். பந்து வைக்கிற புள்ளி கோல் கோட்டிலிருந்து 11 மீட்டர், கட்டத்தின் விளிம்பு 16.5 மீட்டர், ஆக புள்ளிக்கும் விளிம்புக்கும் இடையில் வெறும் 5.5 மீட்டர்தான். புள்ளியில் ஒரு ஆணியை வைத்து 45.75 செ.மீ. நூலைக் கட்டி மாவுக்கட்டியால் சுற்றினாள், வட்டம் கட்டத்தைத் தாண்டி வெளியே வந்தது. "ஓ, இது ஒரு முழு வட்டத்தோட துண்டா!" என்று அப்படியே குத்தவைத்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஆரம், வில், நாண் மூன்றும் அன்றைக்கு அந்த மாடியிலேயே முடிந்தன.

இன்னொன்று சொல்கிறேன், உன் பையனுக்கு இது பிடிக்கும். அந்தக் கட்டத்தின் அகலம் 44 கஜம்: கோல் 8 கஜம், இரண்டு பக்கமும் பதினெட்டு பதினெட்டு. 44 கஜத்தைச் சரியாக மீட்டராக்கினால் 40.23 வரும். ஆனால் விதிப்படி போடுகிற அளவு 40.32. எங்கள் வீட்டில் அரை நாள் இதைத்தான் பேசினோம், யாரோ இலக்கத்தை மாற்றி எழுதிவிட்டார்கள் என்றே அவள் சாதித்தாள். அப்புறம் போட்டுப் பார்த்தால், 18 கஜத்தை 16.5 மீட்டர் என்றும் 8 கஜத்தை 7.32 என்றும் முதலிலேயே முழுமையாக்கிவிட்டுக் கூட்டியிருக்கிறார்கள், அதில் கிட்டத்தட்ட 9 செ.மீ. கூடிவிட்டது. முழுமையாக்குவதைக் கடைசியில் செய்ய வேண்டும் என்று நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை.

கிழிந்துபோன பழைய பந்து இருந்தால் தூக்கிப் போடாதே. 1970 மெக்சிகோ உலகக் கோப்பையில் உலகமே பார்த்த அந்தக் கறுப்பு வெள்ளைப் பந்து வகையாக இருந்தால் ரொம்ப நல்லது. அதில் 12 ஐங்கோணம், 20 அறுகோணம். துண்டும் துண்டும் சேர்கிற தையல் கோடுகள் எத்தனை என்று கேள். 12 ஐந்து அறுபது, 20 ஆறு நூற்றிருபது, ஆக 180 என்பான். அப்புறம் விரலால் தொட்டு எண்ணச் சொல், 90தான் வரும். ஒவ்வொரு தையலும் இரண்டு துண்டுக்குச் சொந்தம் என்று அவனே சொல்லும்வரை வாயைத் திறக்காதே. அறுகோணங்களை மட்டும் அட்டையில் வெட்டி ஒட்டினால் தேன்கூடு மாதிரி தட்டையாகத்தான் படுக்கும், ஒரு மூலையில் மூன்று 120 சேர்ந்து 360 ஆகிவிடுகிறது. ஒன்றை எடுத்துவிட்டு ஐங்கோணத்தை வைத்தால் 348தான், அந்த 12 பாகை இடைவெளியை மூடப் போனால் அட்டை தானாக மேலே எழும்பி வளையும். அட்டை அவன் கையில் வளையும்போது நீ பக்கத்தில் இரு, அந்த முகத்தைப் பார்க்க.

எங்கள் பந்தில் ஜலந்தர் என்று அச்சடித்திருந்தது. அது எங்கே இருக்கிறது என்று வரைபடத்தை விரித்தோம், நம் பஞ்சாபில் இருக்கிறது, அங்கிருந்து எல்லைக்கு அந்தப் பக்கம் பாகிஸ்தானில் சியால்கோட். அங்கேதான் பிரிட்டிஷ்காரர் காலத்திலிருந்தே விளையாட்டுச் சாமான் செய்கிற தொழில். 1947 பிரிவினையில் அங்கிருந்து கிளம்பிய பலர் ஜலந்தரில் வந்து உட்கார்ந்து அதே தொழிலைத் திரும்ப ஆரம்பித்தார்கள், இன்றைக்கும் இரண்டு ஊரிலும் பந்து தைக்கிறார்கள். பிரிவினையைப் பாடமாகப் படித்தபோது கொட்டாவி விட்ட பிள்ளை, "ஊசி நூலையும் கொண்டுபோயிருப்பாங்களா" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை, தொண்டை அடைத்துவிட்டது. அங்கிருந்து பின்னால் போய் 1911க்கும் போனோம், கல்கத்தாவின் மோகன் பகான் அணியில் ஒருவரைத் தவிர எல்லோரும் வெறுங்காலோடு ஆடி, ஈஸ்ட் யார்க்‌ஷயர் என்ற பிரிட்டிஷ் படைப்பிரிவை 2-1 என்று ஜெயித்த வருடம். ஊரே ஏன் அப்படிக் கொண்டாடியது என்று கேட்டால் 1905இல் பிரிட்டிஷ்காரர்கள் வங்காளத்தை இரண்டாகப் பிரித்ததைச் சொல்லாமல் முடியாது.

புவியியல் அதுவே வரும். 2022 இறுதி ஆட்டம் கத்தாரில் மாலை 6 மணிக்கு, நமக்கு 8.30க்கு. அவர்கள் நேரம் 45 பாகை தீர்க்கரேகைக்கு, நம்முடையது 82.5க்கு, பாகைக்கு 4 நிமிடம் என்று அவனையே பெருக்கச் சொல். பொலிவியாவின் லா பாஸ் சுமார் 3,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, நம் ஊட்டியே 2,240தான். மெஸ்ஸி ஆடிய அர்ஜென்டினா 2009இல் அங்கே 6-1 என்று தோற்றது. காற்றழுத்தத்தை அங்கிருந்து ஆரம்பி.

தமிழுக்கு மட்டும் ஒன்று செய்கிறோம். சனிக்கிழமை ஆடிவிட்டு வந்ததும் அவள் ஆட்டத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதுவாள். பந்து "உருண்டது", "சீறியது", "தவழ்ந்தது", எது சரி என்று எங்களுக்குள் சண்டையே வரும். எழுவாய், பயனிலை எல்லாம் அந்தச் சண்டையில் வந்துவிடுகிறது.

எல்லாவற்றுக்கும் கால்பந்தை இழுக்காதே. கதை படிப்பதற்கும் செடி வளர்ப்பதற்கும் பந்து வேண்டாம், அங்கே அதைத் திணித்தால் இரண்டும் கெடும். அதைவிட முக்கியம், அவன் மைதானத்தில் ஆடும்போது கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டு கோணம், வேகம் என்று எதுவும் கேட்காதே. அந்த ஒன்றரை மணி நேரம் முழுக்க அவனுடையது. நான் ஒரு தடவை கேட்டேன், அவள் மூன்று நாள் மைதானத்துக்கே போகவில்லை.

பத்தாம் வகுப்பு பற்றிக் கவலைப்பட்டாய். தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் 14 வயது முடிந்தால் எழுதலாம், அவனுக்கு இன்னும் நான்கு வருடம் இருக்கிறது. அதைப் பற்றி நேரில் பேசுவோம்.

மே மாதம் மருமகனைக் கூட்டிக்கொண்டு இங்கே வா. அதற்கு முன்னால் உன் வீட்டு மாடியின் நீள அகலம் எனக்கு வேண்டும், என்ன அளவில் போட்டால் மைதானம் அடங்கும் என்று பார்க்கிறேன். டேப்பை அவன் கையில் கொடுத்துவிட்டு நீ நுனியைப் பிடித்துக்கொள்.

அன்புடன்,
அக்கா