கடம்பாறைக்கு ஒரு பஸ் பிடிங்க, வாத்தியாரே

கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டப் பள்ளிகளின் அறிவியல் ஆசிரியர்களுக்கு வணக்கமுங்க.

பல்லடம் பக்கம் முப்பது வருசமா மோட்டாருக்குக் காயில் கட்டுறவன் நான். போன மாதம் பேத்தியின் பள்ளிக்கூடத்தில் அறிவியல் கண்காட்சி. தெர்மாகோல் வீடு, கூரைமேல் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சோலார் தகடு, வாசலில் எல்.இ.டி. சூரிய சக்தியைப் பற்றி ஒரு பொண்ணு மூச்சுவிடாமல் ஒப்பித்தது. “ஏங்கண்ணு, ராத்திரிக்கு எப்படி எரியும்?” என்றேன். “சுவிட்சைப் போட்டா எரியுமுங்க தாத்தா.” எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். தப்பு அந்தக் கண்ணு மேல் இல்லை, மீதிப் பாடத்தை யாரும் நடத்தவில்லை.

நம்ம ஊர் வெயிலுக்கு ஒரு கிலோவாட் தகடு நாளைக்கு நாலு யூனிட் போலத் தரும். அத்தனையும் பகல் விளைச்சல். வீடுகளில் விளக்கும் ஃபேனும் டிவியும் ஓடுவது பொழுது சாய்ந்த பிறகு. சோளத்தைக் குதிரில் கொட்டி வைத்த பாட்டிமாருடைய பேரப்பிள்ளைகளுக்கு, மிச்சத்தை எங்கே வைப்பது என்ற கேள்வி விளங்காமலா போகும்?

மிச்சக் கரண்டில் தண்ணீரை மேலே ஏற்றி வைப்பதும் ஒரு சேமிப்புதானுங்க. இதைக் கணக்காகவே போடச் சொல்லுங்க. ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் டேங்க், 10 மீட்டர் உயரத்தில். நிறை, ஈர்ப்பு, உயரம் மூன்றையும் பெருக்கினால் 98,000 ஜூல், அதாவது 27 வாட்-மணி. வழியில் எதுவும் வீணாகாவிட்டால் ஒரு 9 வாட் பல்பு மூன்று மணி நேரம் எரியும், அவ்வளவுதான். இன்வெர்ட்டருக்கு வைக்கிற 12 வோல்ட், 150 ஏ.எச். (ஆம்பியர்-மணி) பேட்டரியோ, இரண்டையும் பெருக்கினால், 1,800 வாட்-மணி. அறுபத்தாறு டேங்க்! (அதை ஒட்டக் காலி செய்தால் பேட்டரி சீக்கிரம் படுத்துவிடும். அது தனிப்பாடம்.)

அப்புறம் எதற்குத் தண்ணீரில் சேமிக்கிறார்கள் என்று பிள்ளைகள் கேட்பார்கள். டேங்குக்குப் பதில் அணையும், பத்து மீட்டருக்குப் பதில் மலையும் இருந்தால் கணக்கே வேறுங்க. அப்போது வால்பாறை மலையைக் காட்டுங்க. அங்கே கடம்பாறை நீர்மின் நிலையத்தில் 100 மெகாவாட் எந்திரங்கள் நாலு இருக்கின்றன. மேலே ஒரு அணை, கீழே மேல் ஆழியாறு அணை. தண்ணீர் இறங்கும்போது கரண்டு. கரண்டு மிச்சமாகும்போது அதே எந்திரம் மோட்டாராகித் தண்ணீரை மேலே ஏற்றும். எங்கள் தொழிலுக்கு இதைவிடப் பெரிய கோயில் இல்லைங்க. இந்த வகை நிலையங்களில் நூறு யூனிட் போட்டு ஏற்றினால் எழுபத்தைந்து, எண்பதுதான் திரும்பும். ராத்திரியில் மிச்சப்படும் அனல் மின்சாரத்தை நினைத்துக் கட்டிய ஏற்பாடு இது. சோலார் பெருகப் பெருக, மிச்சம் உச்சி வெயிலுக்கு இடம் மாறுகிறது.

உள்ளே பார்க்க அனுமதி வாங்குவது உங்கள் பாடு. கிடைக்காவிட்டால் மைதானம் போதும். தகட்டில் மல்டிமீட்டரை மாட்டி, அதிலுள்ள கட்டங்களில் (சோலார் செல்) ஒரே ஒன்றைக் கையால் மறைக்கச் சொல்லுங்க, ஆம்பியர் எப்படி விழுகிறது என்று அவர்களே பார்ப்பார்கள். பிறகு, சூடேறிய தகட்டில் வோல்ட் ஏன் குறைகிறது என்று கேளுங்க. ஆசிட் பேட்டரியையும் செத்துப்போன போன் பேட்டரியையும் மட்டும் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடாதீங்க.

அமாவாசையன்னிக்கு எங்கள் பட்டறை லீவு. என்னிடம் மல்டிமீட்டர் மூன்று இருக்கிறது. கூப்பிட்டால் வருகிறேன். அந்தத் தெர்மாகோல் வீட்டுக்காரியை முன்வரிசையில் உட்கார வையுங்க.

இப்படிக்கு,
பல்லடம் பக்கத்துக் காயில் கட்டுறவன்